பட்டியலில் ஐந்தாவது பெயர்

சான்பாடா,
6 ஜூன் 2024

திருமதி பிரேமலதா சுரேந்திரன் அவர்களுக்கு,

ராஜலக்ஷ்மி எழுதுவது. சென்ற மாதம் பதினான்காம் தேதியிலிருந்து உங்களுக்குப் பதினோரு முறை போன் செய்தேன். பத்து முறை நீங்கள் எடுக்கவில்லை. பதினோராவது முறை, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொல்லிற்று. அதனால் இந்தக் கடிதம்.

நீங்கள் ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கியபோது, தெரிந்தவர் என்று என் எண்ணைக் கொடுத்தீர்கள். என்னைக் கேட்டுத்தான் கொடுத்தீர்கள், அதில் குறையில்லை. ஆனால் இப்போது அவர்களுடைய வசூல் ஆள் என்னைக் கூப்பிடுகிறான். சில நாள் நான்கு தடவை. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள உங்கள் வக்கீல் ஜெயினுலாப்தீனிடம் விசாரித்தேன். ஏப்ரலிலேயே கோர்ட்டின் சமரச மையத்தில் ஒப்பந்தம் ஆகிவிட்டது என்றார். கடன் கொடுத்த நான்கு பேரும் கையெழுத்திட்டார்களாம். நீங்கள் நான்கு வருடம் மாதம் இருபத்திரண்டாயிரம் கட்ட வேண்டுமாம், அதை நால்வரும் பங்கிட்டுக்கொள்வார்களாம். இனி யாரும் வீடு தேடி வரக்கூடாது, போன் செய்யக்கூடாது, எதுவானாலும் எழுத்தில்தான் என்றார். கேட்க நிம்மதியாக இருந்தது. அப்படியென்றால் என் பங்கு எவ்வளவு என்று கேட்டேன். அவர் காகிதத்தைப் புரட்டினார். பிறகு, "நாலு பேர்தான் மேடம். லிஸ்ட்ல உங்க பேரு இல்லியே" என்றார்.

2022 அக்டோபர் 10, திங்கட்கிழமை. மாட்டுங்கா ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டருக்கு வெளியே, என் ரிடயர்மென்ட் பணத்திலிருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாயை உங்கள் கையில் கொடுத்தேன். பள்ளிச் சீருடை ஆர்டருக்குத் துணி எடுக்க. காகிதம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் உங்களுக்குப் பணம் தராமல் இழுத்து மூடிக்கொண்டது எனக்கும் தெரியும். ஒன்றரை வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை. துணிக்கடை காலித்துக்கு இடம் இருக்கிற பட்டியலில் எனக்கு ஏன் இடமில்லை என்பது மட்டும் புரியவில்லை.

நான் பட்டியலில் இல்லாதவள். ஆனாலும் பட்டியலில் இருப்பவர்களுக்கு விதித்ததை மதித்து எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கே. ராஜலக்ஷ்மி


தாராவி,
15 ஜூன் 2024

அன்புள்ள ராஜி மாமிக்கு,

பிரேமலதா எழுதிக்கொண்டது. "அவர்களுக்கு" என்று என் பெயரோடு போட்டிருந்தீர்கள். சயானில் நான் ஏறி ஜன்னல் ஓரம் பையை வைத்து இடம் பிடிப்பேன், அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்காவில், அப்போது நீங்கள் குடியிருந்த இடத்தில், நீங்கள் ஏறுவீர்கள். பதினாறு வருடம் லேடீஸ் டப்பாவில் போனோம். ஒரு நாளும் நீங்கள் என்னை "நீங்கள்" என்றதில்லை. உறையைப் பிரித்து அந்த முதல் வரியைப் படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். மீதியைப் படிக்க மூன்று நாள் ஆனது.

போன் எடுக்காதது உங்களுக்காக இல்லை. சிம் கார்டையே கழற்றிவிட்டேன். கையெழுத்தான பிறகும் அவர்கள் விடவில்லை. கம்பெனி வசூல் வேலையை ஒரு ஏஜென்சிக்குக் கொடுத்திருக்கிறது. கேட்டால் ஒப்பந்தம் கம்பெனியோடுதான், எங்களுக்குத் தெரியாது என்கிறது ஏஜென்சி. மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது. ரசீதை யார் பார்க்கிறார்கள்?

இனி பட்டியல் விஷயம். வக்கீல் அண்ணன், "யார் யார்ட்ட கடன் வாங்கிருக்கீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். ஃபைனான்ஸ் கம்பெனி, காலித் பாய், மிஷின் கொடுத்தவர், சொசைட்டி பேங்க் என்று சொன்னேன். "வேற?" என்றார். "வேற கடன் இல்லண்ணே" என்றேன். நான் பொய் சொல்லவில்லை மாமி. எங்கள் பக்கத்தில் கடன் வேறு, கைமாத்து வேறு. கடன் என்றால் காகிதம், வட்டி, வாசலில் நின்று சத்தம் போடுவது. கைமாத்து என்பது வேண்டியவர்களுக்குள் கொடுத்து வாங்குவது. வீட்டில் இந்தப் பேச்சு வந்தபோது அவரும், "ஏட்டி, மாமியையும் அவனுவகூட கொண்டு போயி கோர்ட்டுல நிறுத்தப் போறியா?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. உங்களை அந்த நால்வரோடு சேர்த்து எழுதக் கை வரவில்லை.

உங்கள் பணத்தை நான் மறக்கவில்லை. எங்களிடம் தைக்கிற பூமாரி மான்குர்திலிருந்து வருகிறவள். அவளுக்குச் சான்பாடா இரண்டு ஸ்டேஷன்தான் தள்ளி. அவள் கையில் மூவாயிரம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மாதா மாதம் இப்படித் தருவேன். இது நமக்குள் இருக்கட்டும்.

உங்கள் பிரேமா


சான்பாடா,
18 ஜூன் 2024

பிரேமா,

உன் விளக்கத்தை இரண்டு தடவை படித்தேன். கோபம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. நீ ஏமாற்றினாய் என்று நினைத்திருந்தேன். இப்போது, மரியாதை என்று நினைத்து இதைச் செய்திருக்கிறாய் என்று தெரிகிறது. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

கைமாற்று எங்கள் வீட்டிலும் உண்டு. என் அப்பா டைரியில் தேதி போட்டுக் கைமாற்று என்று எழுதிவைப்பார், சம்பளம் வந்ததும் முதலில் அதைத்தான் தீர்ப்பார். உங்கள் பக்கம் அது கடைசியில் போய்விடுகிறதா? காலித்துக்கு மாதா மாதம் பணம், எனக்கு மரியாதை. மரியாதையைக் கொண்டுபோய் இந்த அடுக்குமாடி சொசைட்டியில் மெயின்டனன்ஸ் கட்ட முடியாது.

ஆதர்ஷுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு நாள் அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நான் குளித்துக்கொண்டிருந்தபோது அந்த வசூல்காரன் கூப்பிட, இவன் எடுத்துவிட்டான். "அம்மா, முப்பது வருஷம் ஆடிட் செக்ஷன்ல உக்காந்திருந்தவ நீ. ஒரு கையெழுத்துகூட வாங்கலியா?" என்று கேட்டான். "லிஸ்ட்ல பேர் இல்லாதவாளை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. நீ நாளைக்கே நோட்டீஸ் விடலாம்" என்கிறான். அவன் சொல்வது சரிதான். பொறு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அந்த வசூல்காரனோடு இன்று காலை நன்றாகவே சண்டை போட்டேன். "ஆன்ட்டி, பிரேமலதா ஆப்கி கௌன் ஹை?" என்றான். என்ன உறவாம். "ட்ரெயின்" என்றேன். "ட்ரெயின் மே கௌன்?" என்றான். "லேடீஸ் டப்பா" என்றேன். கொஞ்சம் திகைத்துப்போனான். பிறகு, அவளிடம் சொல்லிப் பணம் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்கு வருவோம் என்றான். எனக்கு வந்ததே ஆத்திரம். "மேரா பீ டேட் லாக் பாக்கி ஹை! என் பணமே வரலை, உனக்கு எங்கேர்ந்துடா வரும்?" என்று பாதி ஹிந்தியிலும் பாதி தமிழிலும் கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு இன்று கூப்பிடவில்லை.

மூவாயிரம் உறையோடு அப்படியே இருக்கிறது. ஒப்பந்தத்தின் நகலை அனுப்பு. படித்துவிட்டுத்தான் தொடுவேன்.

ராஜலக்ஷ்மி


தாராவி,
27 ஜூன் 2024

மாமி,

நகல் இத்துடன். பதினான்கு பக்கம். நான் கையெழுத்துப் போட்டேனே தவிர முழுக்கப் படித்ததில்லை.

நேற்று மதியம் அந்த ஏஜென்சி ஆள் மாடியில் தைக்கிற இடத்துக்கே வந்துவிட்டான். பெயர் மாதவாம். துணி வெட்டுகிற மேஜை மேல் ஏறி உட்கார்ந்தான். ஆறு பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்தான். எல்லாம் எடுத்துவிட்டு, "டீக் ஹை, ஆஜ் கித்னா தேகி?" என்றான். இன்றைக்கு எவ்வளவு தருவாய் என்று. பூமாரிதான் எழுந்து, "ஏய், அது நாங்க சட்டை வெட்டுத மேசை. எந்திரி மொதல்ல. ஒன் அழுக்குப் பேன்டு பட்டா எவன் வாங்குவான்?" என்றாள். தமிழ் புரியாவிட்டாலும் எழுந்துவிட்டான். போகும்போது, எந்தப் பள்ளிக்குத் தைக்கிறோம் என்று சட்டைப் பையிலிருந்த முத்திரையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனான். அதுதான் எனக்குப் பயம். இப்போது இருக்கிறது இந்த ஒரு ஆர்டர்தான்.

நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்கிறார் வக்கீல் அண்ணன். அளவு எழுதுகிற கை மாமி எனக்கு, வேறு எழுத வராது.

ஆதர்ஷ் நோட்டீஸ் விடுவதென்றால் விடட்டும். ஒரு வாரம் முன்னால் எனக்குச் சொல்லிவிடுங்கள். பள்ளியில் அட்வான்ஸ் வாங்காமல் நிறுத்திக்கொள்வேன். அவர்கள் பணத்தையும் சேர்த்து முடக்கக் கூடாது.

பிரேமா


சான்பாடா,
1 ஜூலை 2024

பிரேமா,

படித்தேன். நீ அனுப்பிய மூவாயிரத்தை இந்த உறையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள். இனி எனக்கு ஒரு பைசா அனுப்பாதே.

கோபத்தில் சொல்லவில்லை. பன்னிரண்டாவது ஷரத்தைப் பார். ஒப்பந்தம் நடக்கும்வரை பட்டியலில் இல்லாத யாருக்கும் நீ பணம் கொடுக்கக் கூடாது. நான் அந்த மூவாயிரத்தை எடுத்திருந்தால் அதுவே மீறல். இன்னொன்று ஒன்பதாவது ஷரத்து. உன் கடன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நீ உறுதி கொடுத்திருக்கிறாய். ஒன்றை மறைத்ததாகத் தெரிந்தால் நால்வரில் எவர் வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம், மொத்தத் தொகையையும் உடனே கேட்கலாம். கடன், கைமாற்று என்று காகிதம் பிரித்துப் பார்க்காது. நீ என்னை மரியாதையாக வெளியே விட்டிருக்கிறாய். அங்கேதான் ஓட்டை.

நாளைக்கே வக்கீலிடம் போ. நடந்ததைச் சொல்லி என் பெயரைச் சேர்க்கச் சொல். நாமே போய்ச் சொன்னால் தவறு, அவர்கள் கண்டுபிடித்தால் மோசடி.

ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். ஐந்து பத்தி கோடு போட்டிருக்கிறேன்: தேதி, மணி, யார், எந்த எண், என்ன சொன்னான். மாதவ் வந்ததை முதல் வரியாக நானே எழுதிவிட்டேன், பார்த்துக்கொண்டு தொடர்ந்து எழுது. அளவு எழுதுகிற கைக்கு இது போதும். எனக்கு வந்த இருபத்தேழு அழைப்புகளும் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. கம்பெனியின் புகார் அதிகாரிக்கு ஒரு கடிதம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். ரசீதுகளோடு பதிவுத் தபாலில் அனுப்பு.

ஆதர்ஷிடம் நோட்டீஸ் இப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். "அவளோட சேர்ந்து அவ ஃபைலைச் சரி பண்ணிண்டிருக்கே. உன் பணத்தை யார் கேக்கறது?" என்றான். பேச்சு குறைந்திருக்கிறது வீட்டில்.

ராஜி


தாராவி,
2 ஆகஸ்ட் 2024

மாமி,

நீங்கள் சொன்ன புகாரை அனுப்பினேன். அழைப்புகள் நின்றன. மூன்று வாரம் யாரும் வரவில்லை. மேஜைக்குப் புதுத் துணி விரித்து இருநூறு சட்டை வெட்டினோம்.

வக்கீலிடம் மட்டும் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அவர் ஆபீஸ் படி வரை இரண்டு முறை போனேன். முதல் முறை உள்ளே ஆள் இருந்தது. இரண்டாம் முறை யாரும் இல்லை, ஆனாலும் திரும்பிவிட்டேன். உங்கள் பெயரை நானே போய் எழுதிவைத்தால் நம் பதினாறு வருடமும் ஒரு தொகை ஆகிவிடும் என்று தோன்றியது.

நேற்று கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. பட்டியலில் இல்லாத ஒரு கடனை நான் மறைத்துவிட்டேனாம், ஆகவே ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டுமாம். ஆதாரம், ஜூன் பதினெட்டாம் தேதி காலை உங்களோடு நடந்த பேச்சின் பதிவு. எனக்கும் ஒன்றரை லட்சம் பாக்கி என்று நீங்கள் ஹிந்தியில் கத்திய "மேரா பீ டேட் லாக் பாக்கி ஹை" என்பதை அப்படியே டைப் அடித்திருக்கிறார்கள்.

இந்த மாதம் பதின்மூன்றாம் தேதி சமரச மையத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் போனால் பதினோரு லட்சத்தையும் உடனே கேட்பார்கள். எட்டு மிஷினும் மாடி அறையும் போய்விடும். கீழ் அறையில் நாங்கள் இருப்பதும் சந்தேகம்தான்.

வக்கீல் அண்ணன் ஒரு வழி சொன்னார். "அந்த அம்மா, அது அன்பளிப்பு, திருப்பி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா கதை முடிஞ்சுது" என்றார். அதை உங்களிடம் கேட்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் சொன்னதை உங்களிடம் மறைக்கவும் முடியவில்லை. இன்னொன்றையும் மறைத்து, அது பிறகு வேறு யார் வாயிலாவது வரவேண்டாம்.

பிரேமா


சான்பாடா,
7 ஆகஸ்ட் 2024

பிரேமா,

அன்றைக்குக் கத்தினதை உனக்குப் பெருமையாக வேறு எழுதியிருந்தேன். வாயை மூடிக்கொண்டு போனை வைத்திருக்க வேண்டும். என் தவறு அது. ஒரு மாதம் படியேறாமல் இருந்தது உன் தவறு. இரண்டையும் எழுதிவிட்டேன், இனி அதைப் பேச வேண்டாம்.

அன்பளிப்பு என்று எழுத மாட்டேன். அது அன்பளிப்பு இல்லை. அந்தப் பணம் எனக்கு வேண்டும். பொய்யான ஒரு காகிதத்தில் முப்பது வருடத்தில் நான் கையெழுத்திட்டதில்லை, உனக்காகவும் இட மாட்டேன்.

ஐந்தாவதாகச் சேர்ந்து மாதா மாதம் பங்கு கேட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். மற்ற நால்வருக்கும் கொஞ்சம் குறையும். குறைந்தால் யாரும் கையெழுத்திட மாட்டார்கள், கம்பெனி அதைத்தான் எதிர்பார்க்கிறது. அதனால் இப்படி எழுதி, நேற்று வாஷியில் நோட்டரி முன் கையெழுத்திட்டேன்:

"பிரேமலதா சுரேந்திரன் எனக்கு ரூபாய் ஒரு லட்சத்து அறுபதாயிரம் தர வேண்டும். இது கைமாற்று. வட்டி பேசவில்லை, தவணை பேசவில்லை. இதை மறைக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் நம்பவில்லை. என் பெயரைப் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்க்கச் சம்மதம். மற்ற நால்வருக்கும் முழுவதும் கொடுத்து முடித்த பிறகே, 2028 ஏப்ரலுக்குப் பின், எனக்குத் தந்தால் போதும். அதுவரை நேரிலோ, போனிலோ, வழக்காகவோ கேட்க மாட்டேன்."

ஆங்கிலப் பிரதியும் இருக்கிறது. யாருக்கும் ஒரு ரூபாய் குறையாது. ஆட்சேபிக்க அவர்களுக்குக் காரணம் வேண்டும்.

ஆதர்ஷ் படித்துப் பார்த்தான். "அம்மா, அப்போ உனக்கு எழுபது வயசு" என்றான். "கணக்கு சரிதான்" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த வருடம் பல்லுக்கும் கண்ணுக்கும் நான் அவன் கையைத்தான் பார்க்க வேண்டும். அது எனக்குப் பிடிக்காத விஷயம் என்று அவனுக்கும் தெரியும்.

பதின்மூன்றாம் தேதி நான் வரமாட்டேன். வந்தால் என்னையும் அறியாமல் ஏதாவது பேசிவிடுவேன். உன் நோட்டை எடுத்துக்கொண்டு போ. ஒரே ஒரு நிபந்தனை. பட்டியலில் என் பெயரை வக்கீல் எழுதக்கூடாது, நீதான் எழுத வேண்டும்.

ராஜி


தாராவி,
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமி,

பூமாரி வாயால் "கையெழுத்தாயிட்டு" என்ற ஒரு சொல்தான் உங்களுக்கு வந்திருக்கும். மற்றதை எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

சமரச மையத்தில் இருந்தது ஒரு மராத்திக்கார அம்மா. உங்கள் காகிதத்தை முழுதாகப் படித்தார். ஆங்கிலப் பிரதியிலும் நீங்கள் கைமாற்று என்ற சொல்லை அப்படியே விட்டிருந்தீர்கள். இது என்ன என்று கேட்டார். வக்கீல் அண்ணன் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். அந்த அம்மாவுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. நானே எழுந்து, காகிதம் இல்லாமல், வட்டி இல்லாமல், கையிலிருந்து கைக்கு வாங்குவது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். "அச்சா, ஹாத்-உஸ்னே!" என்றார். அவர்களிடமும் அதற்கு ஒரு சொல் இருக்கிறது மாமி. உடனே அடுத்த கேள்வி கேட்டார்: "ஹாத்-உஸ்னே வாங்கினால் திருப்பித் தருவதில்லையா? பிறகு ஏன் பட்டியலில் எழுதவில்லை?" நீங்கள் கேட்ட அதே கேள்வி. கூச்சமாக இருந்தது என்றேன். அதையும் அப்படியே குறித்துக்கொண்டார்.

காலித் பாய்தான் முதலில் பேனாவை எடுத்தார். "வரிசையில் கடைசியில் நிற்கிறவளே சண்டை போடவில்லை, நான் ஏன் போட வேண்டும்?" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். மிஷின்காரரும் சொசைட்டி பேங்க்கும் அவர் பின்னால் போட்டார்கள். கம்பெனி அதிகாரி நேரம் கேட்டார். அப்போது வக்கீல் அண்ணன் என் நோட்டை மேஜையில் விரித்து வைத்தார். ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த அழைப்புகள், சிம்மைக் கழற்றும் முன் என் போனில் பதிந்திருந்தவற்றையும் உங்களுடையதையும் சேர்த்து, எண்பத்து மூன்று. அதிகாரி நான்கு பக்கம் புரட்டினார். வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து கையெழுத்திட்டார். நோட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

உங்கள் பெயரை நான்தான் எழுதினேன். பட்டியல் மராத்தியில் இருந்ததால் மராத்தி எழுத்தில். க்ஷ போடும்போது தடுமாறி, அடித்து மறுபடி எழுதினேன். அடித்த இடத்தில் தனியாக ஒரு கையெழுத்து வாங்கினார்கள். கூச்சம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போகவில்லை. வீட்டுக்காரரும் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் முன்பெல்லாம் உங்களை நினைத்தால் எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றும். இப்போது ஒரு தேதி தெரிகிறது.

வருகிற மாதம் பள்ளியின் அடுத்த ஆர்டர் கிடைக்கும்போல் இருக்கிறது. கிடைத்தாலும் உங்களுக்கு முன்னதாகத் தர முடியாது, பன்னிரண்டாவது ஷரத்து. இப்போது நானும் அதைப் படித்துவிட்டேன்.

கண் டாக்டரிடம் தள்ளிப்போடாமல் போங்கள். ஆதர்ஷ் கையைப் பார்ப்பதில் ஒரு குறைவும் இல்லை. ஸ்டேஷன் படியில் அவசரப்படாதீர்கள், மழைக்கு அது வழுக்கும். நான்கு வருடமும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பணம் தர வேண்டியவள் என்பதால் இதைச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். எழுதப்போகும்போது, அதனாலும்தான் சொல்கிறேன் என்று பட்டது. இரண்டும் இருக்கட்டும் மாமி.

உங்கள்
பிரேமா